வெள்ளம் வந்தால் மட்டும் போனைத் தூக்காதேங்கோ



இந்தக் கிழமை எபிசோடில் போனை வைத்து ஆறு, குளங்களைக் கவனிக்கிறதைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விசயத்தை இங்கே எழுதுறன்.

சூரிச் பல்கலைக்கழகத்தின் கிரவுட்வாட்டர் ஆப் சரியான சிம்பிள். ஓடைக்கரையில் நின்று ஒரு படம் எடுக்கிறீங்கள். அந்தப் படத்தில், எதிர்ச் சுவரிலோ பாலத்தூணிலோ பொருந்துற மாதிரி ஒரு அளவுகோல் ஸ்டிக்கரை வைக்கிறீங்கள். பிறகு திரும்பவும் அதே இடத்துக்குப் போய், தண்ணீர் எந்தப் படியில் நிக்குது எண்டு பதியிறீங்கள். சென்சர் ஒண்டும் தேவையில்லை. பெரிய ஆறுகளில் அரசாங்க அளவீட்டு நிலையங்கள் இருக்கு. வீட்டுக்குப் பின்னால் ஓடுற சின்ன ஓடையை ஆர் அளக்கிறது? அங்கதான் எங்கட போன் உதவுது.

ஆனால் எங்களில் ஒரு பிழை இருக்கு. மழை கொட்டி, தண்ணீர் பாலத்தைத் தொட்டால் எல்லாரும் போனோட ஓடுறோம். ஸ்டோரிக்கு நல்ல படம்! சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒருத்தரும் போறதில்லை. நானும் அப்படித்தான். என்ர பதிவுகளை மட்டும் பார்த்தால், எங்கட ஓடையில் வருசம் முழுக்க வெள்ளம் எண்டுதான் நினைப்பீங்கள். வழமையான மட்டம் தெரியாமல், வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது எண்டு எப்படிச் சொல்லுறது?

வறண்ட நாளும் அதே அளவு முக்கியம். ஓடுது, தனித்தனிக் குட்டையாய் நிக்குது, ஈரம் மட்டும் இருக்கு, முழுக்கக் காய்ஞ்சிட்டுது எண்டு பதியவும் அந்த ஆப்பில் வசதி இருக்கு. "தண்ணீர் இல்லை" என்பதும் தரவுதான்.

"கண்ணால் பார்த்துப் போடுறதெல்லாம் விஞ்ஞானமா?" எண்டு சிலர் கேட்பீங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெனீவா ஏரியை ஆராய்ந்த ஃபோரெல், தண்ணீரின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் குறித்தார். அதிலிருந்து வளர்ந்த 21 நிற அளவுகோலைத்தான் இண்டைக்கு ஐஆன்வாட்டர் ஆப் பயன்படுத்துது. ஒரு பதிவு பிழைக்கலாம். ஆனால் படம் இருக்கிறதால் மற்றவர்கள் அதைச் சரிபார்க்கலாம். எடுக்காத படத்தை ஆராலும் சரிபார்க்க ஏலாது.

அதனால் என்ர வேண்டுகோள் சின்னது. பத்து இடம் வேண்டாம். வேலைக்கோ கம்பஸுக்கோ போற வழியில் ஒரே ஒரு ஓடை. கிழமைக்கு ஒரு படம், மழையோ வெயிலோ. வெள்ள நேரத்தில் மட்டும் கரையை விட்டுத் தள்ளி நில்லுங்கோ.

உங்கட ஓடை எது? பதில் எழுதுங்கோ, அடுத்த எபிசோடில் கதைப்போம்.