தட்டுக்குக் கீழே

பழைய படகு விற்பவர்களின் மொழிக்குத் தனி அகராதி வேண்டும். 'நல்ல கண்டிஷன்' என்றால் இன்னும் மிதக்கிறது என்று பொருள். 'சிறு மராமத்து மட்டும் பாக்கி' என்றால் மிதக்கவில்லை என்று பொருள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக விற்பனைக்கு' என்றால், படகுக்குள் போட்ட பணத்தைப் பற்றி வீட்டில் யாரோ கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த அகராதி உலகத்துக்கே பொது. இங்கிலாந்து நதிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கேபின் குரூஸரை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுபவரும், ஆலப்புழைப் பக்கம் ஓர் ஓடையில் பாசி பிடித்து நிற்கும் ஹவுஸ்போட்டைப் பார்த்து மயங்குபவரும் ஒரே ஜாதி. இருவரும் தட்டுக்கு மேலே இருப்பதைப் பார்க்கிறார்கள். கட்டில், ஜன்னல், சமையலறை, மாலை வெயிலில் உட்காரத் தோதான முன்பக்கம். படகு என்பது தட்டுக்குக் கீழே இருக்கும் சமாசாரம் என்பது பணம் கைமாறிய பிறகே உறைக்கிறது.

படுக்கையறை வைத்த படகுக்கு நம் நாட்டில் சிறந்த உதாரணம் கேரளத்தின் கெட்டுவள்ளம். இந்தப் பெயரை மொழிபெயர்க்கும் சிரமம் நமக்கு இல்லை. கெட்டு என்பது நம் கட்டுதான். வள்ளம், ராமநாதபுரத்திலும் கன்னியாகுமரியிலும் மீனவர்கள் இன்றும் புழங்கும் சொல். ஆக, கட்டிய வள்ளம். ஆணி அடித்துச் சேர்த்தது அல்ல, கயிற்றால் கட்டியது. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே விளைந்த நெல்லையும், கொப்பரையையும், கயிற்றையும் கொச்சிக்குச் சுமந்து போன சரக்குப் படகு அது. பெரியவை முப்பது டன் வரை ஏற்றும். சாலைகளும் பாலங்களும் லாரிகளும் வந்தபின் சரக்குக்கு வள்ளம் தேவைப்படவில்லை. பல வள்ளங்கள் கரையோரத்தில் மட்கின. 1990களின் தொடக்கத்தில் யாருக்கோ அதன் மேல் பாய்க் கூரை வளைத்து, உள்ளே கட்டில் போடத் தோன்றியது. நெல் இருந்த இடத்தில் தேனிலவுத் தம்பதிகள் வந்தார்கள். இன்று வேம்பநாட்டுக் காயலில் ஹவுஸ்போட்டுகள் நூற்றுக்கணக்கில். அவற்றில் கணிசமானவை இரும்பிலோ ஃபைபர்கிளாஸிலோ செய்யப்பட்ட அடிப்பாகத்தின் மேல் பாயைச் சுற்றிய பாவனைகள் என்பது வேறு கதை.

கட்டும் முறை எளிமையானது போலத் தோன்றும். அயினிப்பலாவின் பலகைகள், மலையாளத்தில் ஆஞ்ஞிலி. விளிம்போடு விளிம்பு பொருத்தி, இரு பக்கமும் வரிசையாகத் துளை போடுகிறார்கள். இணைப்பின் மேல் தேங்காய் நாரைத் திரித்து நீளவாக்கில் வைத்து, துளைகளின் வழியே கயிற்றை மாறி மாறி இழுத்து இறுக்குகிறார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இருவர் கையும் ஒரே தாளத்தில் போகவேண்டும். ஒருவர் தளர்த்தினால் மற்றவர் இறுக்கியது வீண். பிறகு துளைகளை நாராலும் பிசினாலும் அடைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கருப்பு எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுகிறார்கள். உவர்நீரில் ஊறிய மட்டையின் நார் உப்புத் தண்ணீருக்கு அசைவதில்லை. துருப்பிடிக்க ஆணி இல்லை. மணல் திட்டில் மோதினால் வள்ளம் விறைத்து உடைவதில்லை, கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது. பலகை கெட்டால் கட்டை அவிழ்த்து அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். ஒரே நிபந்தனை: தவறாமல் கரையேற்றி எண்ணெய் காட்ட வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை கட்டைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் மறந்தால் நார் மட்குகிறது.

என் நண்பர் ஒருவர், மும்பையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர், இப்படி ஒன்றை வாங்கக் கிளம்பினார். ஐந்து வருடமாக ஓட்டாமல் கட்டிப்போட்ட ஹவுஸ்போட். விலை, ஒரு கார் வாங்குவதைவிடக் குறைவு. காகிதங்கள் மலையாளத்தில் இருந்ததால் படித்துச் சொல்ல நானும் போனேன். தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே, கோடையில் உப்பேறும் பக்கத்தில், ஆகாயத்தாமரைக்கு நடுவே அது நின்றது. தரகர் எங்களை நேராக மேலே அழைத்துப் போனார். மேல் தளத்தில் கண்ணாடி வைத்த ஒரு அறை. நான்கு பக்கமும் காயல். நண்பர் அங்கேயே குடியேறிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

நண்பர் செய்த ஒரே புத்திசாலித்தனம், வள்ளம் கட்டும் முதிய ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தது. அவர் மேலே ஏறவே இல்லை. பின்பக்கம் போய், தட்டுப் பலகை ஒன்றைத் தூக்கி, உள்ளே தேங்கிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு வெளியே காயல் நீரையும் அப்படியே.

"என்ன மேஸ்திரி, டேஸ்ட் பார்க்கிறீர்கள்?" என்றார் நண்பர்.

அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால்: "வெளியே உப்பு, உள்ளே நல்ல தண்ணீர் சார். அடி ஒழுகியிருந்தால் உள்ளேயும் உப்பாக இருக்கும். இது கூரை வழியாக இறங்கிய மழை."

நண்பருக்கு ஒரே மகிழ்ச்சி. அடி ஒழுகவில்லை! ஆசாரி தலையை ஆட்டினார். "சந்தோஷப்படாதீர்கள் சார். மரத்துக்கு உப்புத் தண்ணீர் ஊறுகாய் மாதிரி. மழைத் தண்ணீர்தான் அழுக வைக்கும். வெளியே கப்பல் புழு, உள்ளே மழை. நடுவில் பலகை."

அதன் பிறகு இரண்டு மணி நேரம் ஒரு சின்னக் கத்தியோடு தவழ்ந்தார். பலகையில் முனையை அழுத்துவார். உள்ளே போகாவிட்டால் நகர்ந்துவிடுவார். வேகவைத்த கிழங்கில் இறங்குவது போல் இறங்கினால் சாக்கட்டியால் ஒரு வட்டம். வளைமரங்கள் பலகையைத் தொடும் இடங்களில்தான் வட்டங்கள் அதிகம். தண்ணீர் வடியாமல் நிற்கும் மூலைகள் அவை. முன்பக்கத்தில் பழைய சொந்தக்காரர் மரத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் பூசியிருந்தார். வழவழவென்று பார்க்க அழகு. ஆசாரி அதை விரல் மூட்டால் தட்டினார். மற்ற இடங்களில் 'டக்' என்றது, இங்கே 'தொப்' என்றது. "இதைக் கிழித்துப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். பழுதான மரத்தின் மேல் இப்படிப் போர்த்திவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தைத் தின்னும். கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. தரகர் இப்போது காயலின் அழகைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

காகிதங்களில் நான் கண்டது வேறு. பதிவுப் பத்திரமும் வரைபடமும் ஒரு தளத்தைத்தான் சொல்லின. நண்பர் மனதில் குடியேறிய கண்ணாடி அறை எந்தக் காகிதத்திலும் இல்லை. பிறகு யாரோ ஏற்றியது.

இதைச் சில்லறைக் குற்றம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதியை நினைவுபடுத்த வேண்டும். 2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூரில் மாலை நேரத்தில் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். அந்தப் படகு மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டது. அதற்கும் முன்னால், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர். நெல் மூட்டை படகின் வயிற்றில் கிடக்கும். அசையாது, பேசாது, யானையைப் பார்க்க ஒரே பக்கமாக ஓடாது. எடை கீழே இருக்கும்வரை வள்ளம் சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். அதே வயிற்றைக் காலியாக விட்டுவிட்டு, மாடியில் அறையும் தண்ணீர்த் தொட்டியும் ஏசியும் பன்னிரண்டு மனிதர்களையும் வைத்தால், அது வேறு ஒரு பொருள். மரம் பழையதுதான், ஆனால் கணக்கு புதியது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்கவேண்டும். உள்நாட்டு நீர்வழிகளுக்கு 1917இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை நீக்கி 2021இல் புதிய சட்டம் வந்துவிட்டது. பதிவு, சோதனைச் சான்று, தகுதி பெற்ற ஓட்டிகள், காப்பீடு எல்லாம் அதில் இருக்கின்றன. சட்டத்துக்குக் குறைவில்லை. சான்றிதழ் வாங்கிய பின் ஏறும் மாடிகளை எண்ணுவதற்கு ஆள்தான் குறைவு.

ஆசாரி சொன்ன மதிப்பீடு படகின் விலையைப் போல் மூன்று மடங்கு வந்தது. மரம் பாதி, கூலி பாதி. நண்பர் கூலியில் பேரம் பேசப் பார்த்தார். அங்கேதான் சிக்கல். பேரம் பேச இன்னொரு ஆள் வேண்டுமே! நல்ல தச்சர்கள் கிடைக்கிறார்கள், கட்டத் தெரிந்தவர்கள் அரிதாகிவிட்டார்கள். அந்த ஆசாரியோடு மொத்தம் மூன்று பேர். இளையவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது. மகன் கொச்சியில் டாக்ஸி ஓட்டுகிறான். குற்றம் சொல்ல முடியாது. வள்ளத்தின் வயிற்றில் குனிந்து கிடக்கும் வேலை தொடர்ந்து வருமென்று யாரும் அவனுக்கு உறுதி தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உலகம் இந்தக் கைகளைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. டிம் செவரின் என்ற பயண எழுத்தாளர் சிந்துபாத் காலத்துக் கப்பலைப் போல ஒன்றைக் கட்டி 1980-81இல் ஓமானிலிருந்து சீனா வரை ஓட்டினார். அதற்கு மரம் மலபாரிலிருந்து போனது, கட்டியவர்கள் லட்சத்தீவின் அகத்தியிலிருந்து போனார்கள். நம் கடற்படையும் அஜந்தா ஓவியத்தில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாக வைத்து ஒன்றைக் கட்டியது. பாபு சங்கரன் என்ற கேரளத்துக் கைவினைஞரின் தலைமையில் பலகைகள் கயிற்றால் கட்டப்பட்டன. 'கௌண்டின்யா' என்று பெயரிடப்பட்டு, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்து, அந்த டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் புறப்பட்டது. பெருமைதான். ஆனால் ஒரு கப்பலுக்காகக் கூடும் கைகள், அது முடிந்ததும் கலைந்துவிடும். தொழிலை உயிரோடு வைத்திருப்பது வருடா வருடம் கரையேறும் சாதாரண வள்ளங்கள். அவற்றின் முதலாளிகளோ எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்க ஃபைபர்கிளாஸ் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

சுற்றுலா வந்ததால்தான் வள்ளங்கள் பிழைத்தன என்கிறார்கள். உண்மை. காயலில் கலக்கும் கழிவும் டீசலும் அதே சுற்றுலாவின் உபயம் என்பதும் உண்மை. வேம்பநாடு 2002இலிருந்து ராம்சார் பட்டியலில் உள்ள சதுப்பு நிலம். அதன் மேல் ஒரு படகைப் புதுப்பிக்கிறவர், கட்டில் மெத்தைக்கு முன்னால் கழிவுத் தொட்டிக்குக் காசு ஒதுக்குவது மரியாதை. நண்பரின் மதிப்பீட்டில் அதுவும் சேர்ந்தது, முணுமுணுப்போடு.

ஆசாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மேலே இருக்கும் அறையைக் கழற்றினால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பாருங்கள். நண்பர் இரண்டு வாரம் யோசித்தார். அந்த அறைக்காகத்தான் படகே பிடித்திருந்தது. வாடகைக்கு விட்டால் அதற்குத்தான் காசு என்று தரகர் போனில் ஓதிக்கொண்டிருந்தார். "பேரக் குழந்தைகள் வந்தால் எங்கே விளையாடும்?" என்று நண்பர் என்னைக் கேட்டார். மாடியில்தான் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

வள்ளம் இப்போது தென்னந்தடிகளின் மேல் கரையேறி நிற்கிறது. கண்ணாடி ஜன்னல்களை ஒரு டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். ஃபைபர்கிளாஸைக் கிழித்ததில் முன்பக்கத்தில் மூன்று பலகைகள் கையோடு உதிர்ந்து வந்தன. மேலும் ஆறு மாற்ற வேண்டும். இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் அடிப்பாகத்தின் கட்டை முடித்தாக வேண்டும் என்று ஆசாரி அவசரப்படுத்துகிறார். உள்ளேயிருந்து இழுப்பவர் அவர். வெளியேயிருந்து இழுப்பவருக்கு முதுகுவலி என்பதால், சென்ற வாரம் மகனை இரண்டு நாள் லீவு போட்டு வரச் சொல்லியிருக்கிறார். வந்தான், இழுத்தான், மறுபடி டாக்ஸிக்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறானாம்.