பித்தளைத் தகட்டில் மூன்று துப்பாக்கி!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் தகடு. நடுவில் மூன்று துப்பாக்கிகள், ஒன்றோடு ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஓரத்தில் சிறு துளைகள். தகடு தட்டையாக இல்லை, சற்றே வளைந்திருக்கிறது.

இது என்ன? போர்வீரன் மார்பில் அணிந்த பதக்கமா? ஜமீன்தார் வீட்டுக் கதவில் அடித்திருந்த அலங்காரமா?

இரண்டும் இல்லை. இது ஒரு சைக்கிளின் நெற்றித் தகடு!

சைக்கிளில் ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்சக்கரத்துக்கு மேலே ஒரு குழாய் நிற்கிறது அல்லவா? அதில்தான் இந்தத் தகட்டைப் பதிப்பார்கள். குழாயோடு ஒட்டி நிற்கவே அந்த வளைவு. ஆணி பூட்டவே அந்தத் துளை. வளைவைப் பார்த்தாலே தகட்டின் வேலை விளங்கிவிடும்.

துப்பாக்கி ஏன்?

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு நகரம். அங்கே துப்பாக்கி செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து 1861-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் பி.எஸ்.ஏ. பிறகு அந்தக் கம்பெனி சைக்கிளும் செய்தது. சரக்கு மாறினாலும் துப்பாக்கி அடையாளத்தை விடவில்லை.

அது வெறும் அழகுக்காக வைத்தது அல்ல. "இது எங்கள் சரக்கு, போலி அல்ல" என்று சொல்லும் முத்திரை.

அரசர்களும் இதையேதான் செய்தார்கள். ஆவடியில் இருந்து அரக்கோணம் போகும் ரெயில் பாதையில் திருவாலங்காடு இருக்கிறது. அங்கே 1905-ல் முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். பழையனூர் என்ற ஊரைக் கோவிலுக்குக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. ஏடுகளைக் கோத்த வளையத்தில் புலி, மீன், வில் பொறித்த சோழ முத்திரை. அரசன் ஆணைக்குப் புலி; சைக்கிளுக்குத் துப்பாக்கி. வேலை ஒன்றுதான்!

வயதை அறிவது எப்படி?

பெயரை மட்டும் பார்த்து வயதைச் சொல்லக் கூடாது. ஹெர்குலிஸ் கம்பெனி 1910-ல் பர்மிங்காமில் தொடங்கியது. அதே பெயரில் நம் அம்பத்தூரிலும் சைக்கிள் செய்தார்கள். முருகப்பா குழுமமும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றும் கூட்டாக 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அது.

ஆகவே, தகட்டில் உள்ள எல்லா எழுத்தையும் படியுங்கள். "மேட் இன் இங்கிலாந்து" என்று இருந்தால் அது கப்பலேறி வந்தது. "மெட்ராஸ்" என்று இருந்தால் நம் ஊர்ச் சரக்கு. மெட்ராஸ் என்ற பெயர் 1996-ல் சென்னை என்று மாறியது. அதையும் கணக்கில் வையுங்கள்.

சைக்கிளோடு ஒரு சிறு வில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பெல்லாம் சைக்கிளுக்கு வரி உண்டு. வரி கட்டினால் ஊர் பெயரும் ஆண்டும் பொறித்த வில்லை கொடுப்பார்கள். அந்த ஆண்டில், அந்த ஊரில் அந்தச் சைக்கிள் ஓடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஏமாறாதீர்கள்!

புதிய தகட்டைக் கறுக்க வைத்து, "நூறு வருஷத்துப் பொருள்" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பிறகு தகட்டைத் திருப்பிப் பாருங்கள். பல வருஷம் துணியால் துடைத்த தகட்டில் மேடான இடங்கள் தேய்ந்திருக்கும். பின்பக்கம் தேயாமல் மங்கிக் கிடக்கும். முன்னும் பின்னும் ஒரே நிறம் என்றால் சந்தேகப்படுங்கள்.

1972-ம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக நூறு ஆண்டு ஆன பொருளே தொல்பொருள். அம்பத்தூர்ச் சைக்கிள் தகடு எதற்கும் இன்னும் நூறு வயது ஆகவில்லை.

"அப்படியானால் அதற்கு என்ன மதிப்பு? காயலான் கடையில் போட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

அங்கேதான் தவறு செய்கிறோம். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. விடியுமுன் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வேலைக்குப் போனது சைக்கிளில்தான். பூந்தமல்லிப் பக்கம் பால்காரரும் காய்கறிக்காரரும் பிழைத்தது சைக்கிளை நம்பித்தான். அந்தச் சம்பாத்தியத்தில் பிள்ளைகள் படித்தார்கள். வீட்டில் அடுப்பு எரிந்தது.

அரசன் கதையைச் சொல்லச் செப்பேடு இருக்கிறது. உழைத்தவர் கதையைச் சொல்ல என்ன இருக்கிறது? இந்தத் தகடும் வில்லையும்தான். அவையும் எடைக்குப் போய் உருகிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

வீட்டில் இடம் இல்லை. துருப்பிடித்த சைக்கிளை வைத்துக் காப்பாற்ற முடியாது. உண்மைதான். சைக்கிளை விற்றுவிடுங்கள். ஆனால் நெற்றித் தகட்டை மட்டும் மெதுவாகக் கழற்றி எடுத்து வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழற்றும் முன் சைக்கிளோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் ஒன்று. ஒரு துண்டுக் காகிதத்தில், "இது இன்னார் ஓட்டிய சைக்கிள். இந்த ஆண்டில் வாங்கியது. இந்த வேலைக்குப் போனார்" என்று எழுதித் தகட்டோடு கட்டி வையுங்கள். இதைத் தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வயதைத் தகடு சொல்லும். யாருடைய வியர்வை அது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.