வீடு திரும்பும் நாளுக்கும் சம்பளம் வேண்டும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரி உரிமையாளரிடம் பேச்சுக் கொடுத்தாலும் டீசல் விலை, டோல்கேட், இன்சூரன்ஸ் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்: “டிரைவர் கிடைக்கிறதில்லைங்க.” அவர் பொய் சொல்லவில்லை. கிளீனராக வண்டி ஏறி, தார்ப்பாய் கட்டப் பழகி, நள்ளிரவில் காலி ரோட்டில் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்து ஓட்டுநரான தலைமுறைக்கு வயதாகிவிட்டது. செலவைக் குறைப்பதற்காகக் கிளீனரை இறக்கிவிட்டபோதே அடுத்த ஓட்டுநர் உருவாகும் வழியும் அடைபட்டது. வண்டி ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் கால் டாக்சிக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் போகிறார்கள். அங்கே சம்பளம் அள்ளிக் கொடுப்பதில்லை. ராத்திரிச் சாப்பாடு வீட்டில் கிடைக்கிறது, அவ்வளவுதான். லாரி ஓட்டுபவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வீடுகள் கொங்கு நாட்டில் பெருகிவிட்டன. அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது.

டிரிப்புக்குக் கிளம்பும் ஓட்டுநரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சேலம் ஜவ்வரிசியோ பொள்ளாச்சித் தேங்காயோ ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் வண்டி, இரண்டாயிரம் கிலோமீட்டரை நாலைந்து நாளில் கடந்துவிடும். அதற்குப் பிறகுதான் நாள் கரையத் தொடங்கும். குடோனில் இடமில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இறக்குகூலி ஆட்கள் வரமாட்டார்கள். எடை மேடையில் வரிசை. பில்லில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அனுப்பியவரும் வாங்குபவரும் போனில் பேசித் தீர்க்கும்வரை வண்டி ஓரமாக நிற்க வேண்டும். ஒருவழியாக இறக்கி முடித்தாலும் காலியாகத் திரும்பினால் டீசல் காசு கட்டாது. ஆகவே புக்கிங் ஆபீஸ் வாசலில் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பு. கிடைக்கும் லோடு தமிழ்நாட்டுக்குத்தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டெல்லியில் இறக்கியவருக்குக் கவுஹாத்தி லோடு அமைந்தால் அவர் கிழக்கே திரும்ப வேண்டியதுதான். பத்து நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பயணம் மாதத்தைத் தாண்டுவது இப்படித்தான்.

இதற்கிடையில் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்திருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போயிருக்கும். எல்லாமே செல்போன் திரையில் வந்து சேர்கிறது, பெரும்பாலும் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில். வீட்டை ஒற்றை ஆளாக இழுக்கும் மனைவியின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பங்காளி வீட்டுச் சாவுக்குக்கூட வராதவர் என்ற பெயரும் அந்த வீட்டுக்கே வந்து சேர்கிறது.

லாரித் தொழிலில் நேரத்தை மிச்சப்படுத்தும் மாற்றங்கள் வரவில்லையா என்றால், நிறையவே வந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி முதல் டோல்கேட்டில் பாஸ்டேக் கட்டாயமானது. நாற்கரச் சாலைகள் ஆறு வழியாகின. அப்படி மிச்சமான நேரம் யாருக்குப் போனது? ஓட்டுநருக்கு இல்லை. டிரிப் கணக்கில் படி வாங்குபவருக்குச் சக்கரம் உருண்டால்தான் காசு. மிச்சமான இரண்டு நாளில் இன்னொரு லோடு ஏற்றப்பட்டது. வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடையாது என்ற ஏற்பாடு இருக்கும்வரை, எவ்வளவு நல்ல ரோடு போட்டாலும் அது வீடுவரை போகாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதியோடு 10 மணி நேரமும் 54 மணி நேரமும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் இருந்தது. இதில் ஒன்றைக்கூட நடைமுறையில் பார்த்த லாரி ஓட்டுநரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீறப்பட்டது மட்டுமே பிரச்சினை என்றால் அதிகாரிகளைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடலாம். சட்டத்தின் உள்ளேயே ஓர் ஓட்டை இருந்தது. வேலை நேரம் எது என்று விளக்கும் இடத்தில், ஓட்டும் நேரம், அதைச் சார்ந்த வேலைகள், இவற்றோடு முனையங்களில் 15 நிமிடத்துக்குக் குறைவாகச் சும்மா நிற்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தது. பேருந்து நிலையத்தை மனத்தில் வைத்து எழுதிய வரி என்பது படித்தாலே தெரியும். ஃபேக்டரி வாசலில் 15 மணி நேரம் நிற்கும் லாரிக்காரரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த நேரம் ஓய்வு என்ற பெயரில் ஓட்டுநர் தலையிலேயே எழுதப்படுகிறது. வரிசை நகர்ந்தால் வண்டியை முன்னே எடுக்க வேண்டும், தார்ப்பாய்க்கும் டீசல் டேங்குக்கும் காவல் இருக்க வேண்டும் என்ற நிலையில் அதை ஓய்வு என்று எவரால் சொல்ல முடியும்?

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதைச் சரிசெய்யும் நல்ல வாய்ப்பாக இருந்தன. அந்த 15 நிமிட வரி அப்படியே புதிய தொகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஐந்து தொழிலாளர்கள் இருந்தாலே பழைய சட்டம் அந்த நிறுவனத்துக்குப் பொருந்தியது. இப்போது பத்துப் பேர் வேண்டும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களே மிகுந்த தொழிலில், ஐந்து என்ற வரம்பே பெரும்பாலோரை வெளியே நிறுத்தியிருந்தது. அதை இரட்டிப்பாக்கியதை நெடுஞ்சாலையில் இரவு கழிக்கும் மனிதர்களுக்குச் செய்த சீர்திருத்தம் என்று நம்மால் ஏற்க முடியவில்லை.

ஓட்டுநர் வீட்டைப் பிரிந்து இருப்பது அரசுகளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1990களில் எச்ஐவி பரவியபோது நாடெங்கும் லாரி நிறுத்தங்களில் விழிப்புணர்வு முகாம்கள் போட்டார்கள். நாமக்கல் மாவட்டத்தின் பெயர் அப்போது அடிபட்ட விதம் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் கசக்கும். அந்த முகாம்கள் பல உயிர்களைக் காப்பாற்றின, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆணுறை கொடுத்தவர்கள், ரத்தப் பரிசோதனை செய்தவர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள் யாரும் இந்த மனிதர் ஏன் இத்தனை நாள் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார் என்ற கேள்வியை லாரி புக் செய்பவரிடம் கேட்கவில்லை.

இப்போதும் பார்வை கேபினைத் தாண்டி வரவில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்லது, விதர்பாவின் மே மாத வெயிலில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2021இல் சொன்னார். அதுவும் நல்லதே. இரண்டுமே தூக்கம் கெட்டு விபத்து நேராமல் இருப்பதற்கான யோசனைகள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டி, ஏசி கேபினில் நன்றாகத் தூங்கி, ஒன்றரை மாதம் வீட்டுப் பக்கம் வராமலே ஒருவர் இருந்துவிட முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. அங்கே ஓட்டும் நேரத்துக்கு வரம்பு பல காலமாக உண்டு. 2020இல் கொண்டுவந்த திருத்தம் அதற்கு மேலும் போனது. நாலு வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுநர் வீடு திரும்பும்படி வேலையை அமைத்துக்கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்றது. 45 மணி நேர வார ஓய்வைக் கேபினிலேயே கழிக்கக் கூடாது என்றும் சொன்னது. இந்த விதிகளை எதிர்த்து லிதுவேனியா, போலந்து, ருமேனியா முதலிய நாடுகள் வழக்குப் போட்டன. எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாரியும் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் ரத்து செய்தது. ஓட்டுநர் திரும்பும் விதியை அப்படியே நிற்கவைத்தது. வண்டி எங்கே நின்றாலும் சரி, ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். ஜப்பானும் 2024 ஏப்ரலில் லாரி ஓட்டுநர்களின் கூடுதல் வேலையை ஆண்டுக்கு 960 மணி நேரத்துக்குள் அடக்கியது. சரக்கு தேங்கும் என்று அங்கே பெரிய பயம் இருந்தது. தெரிந்தேதான் செய்தார்கள்.

நம் ஊர் உரிமையாளர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயமும் இருக்கிறது. மாதத் தவணை கட்ட வேண்டும், வாடகை ஏறவில்லை, டயர் விலை ஏறிவிட்டது, இதில் வண்டியை நிறுத்திவைத்து ஓட்டுநருக்குச் சம்பள விடுப்பா? 2025 மார்ச்சில் தென்மாநில சமையல் எரிவாயு டேங்கர் லாரிகள் நின்றதை நினைத்துப் பாருங்கள். மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாத வண்டிக்கு 20,000 ரூபாய் அபராதம் என்பது அவற்றின் உரிமையாளர்கள் எதிர்த்த டெண்டர் நிபந்தனைகளில் ஒன்று. வண்டியில் இரண்டாவது ஆள் வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது சரியான கோரிக்கை. ஆளுக்கான செலவை வாடகையில் ஏற்றிக் கொடுக்காமல் அபராதமாக மட்டும் போட்டால் அது முதலில் உரிமையாளர் தலையிலும், பிறகு ஓட்டுநர் தலையிலும்தான் இறங்கும். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற பழைய விதியைக் கைவிடலாம் என்று 2018இல் போக்குவரத்து அமைச்சகமே முன்மொழிந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கை எடுப்பதை இன்னொரு கை கேட்கிறது.

ஓட்டுநர்களே விடுப்புக் கேட்பதில்லையே என்றும் சொல்வார்கள். தீபாவளிக்கு முன் இன்னொரு நடை அடித்துவிட்டு வருகிறேன் என்பவர்கள்தானே அவர்கள்? ஆமாம். வீட்டில் உட்கார்ந்தால் படி இல்லை, திரும்பி வரும்போது வண்டியில் வேறு ஆள் ஏறியிருப்பார். அந்த இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு அவர் விருப்பத்தைக் கேட்பது நியாயமான கேள்வி ஆகாது.

ஓட்டுநரை வழியில் மாற்றும் முறையை இந்தியாவில் ரிவிகோ என்ற நிறுவனம் செய்தே காட்டியது. நாலைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஓர் இடம், அங்கே அடுத்தவர் வண்டியை வாங்கிக்கொள்வார், முதலாமவர் எதிர்த்திசை வண்டியைப் பிடித்து ஊர் திரும்புவார். 2022இல் அதன் விரைவு சரக்குத் தொழிலை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே இதுதான் மருந்து என்று கைகாட்டிவிட முடியாது. நூற்றுக்கணக்கான வண்டிகளும் இரு திசையிலும் லோடும் இருந்தால்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். ஒற்றை வண்டிக்காரருக்கு அது எட்டாது. ஆனால் நாமக்கல் உரிமையாளர் சங்கங்கள் கூட்டாக இறங்கினால், ஒசூரிலும் விஜயவாடாவிலும் நாக்பூரிலும் ஆள் மாற்றும் இடங்களை வைத்துப் பார்க்கலாம். டெண்டருக்கு ஒன்றுசேரத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதுதான் முடிச்சு. எங்கள் பதில், சரக்குக்குச் சொந்தக்காரர் தலையில். ஓட்டுநரின் நாட்களைத் தின்பது ரோடு இல்லை, குடோன் வாசல். அங்கே வண்டியை நிறுத்திவைப்பவருக்கு அந்த நேரம் இன்று இலவசமாகவோ கொசுறுக் காசுக்கோ கிடைக்கிறது. ஹால்ட்டிங் என்று ஏதோ கொடுத்தாலும் அது வண்டிக்குப் போகிறது, ஆளுக்கு வருவது அபூர்வம். சரக்குக்கு நம்மிடம் துல்லியமான கடிகாரம் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இ-வே பில் காலாவதியாகிறது. கேட்டுக்குள் வண்டி நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் என்று இரண்டு பதிவு சேர்த்தால் ஓட்டுநருக்கும் ஒரு கடிகாரம் ஓடும். குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் சரக்குதாரர் கட்டணம் தர வேண்டும், அதில் ஒரு பங்கு ஓட்டுநரின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். அந்தப் பணம் வந்தால் நாலு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாள் சம்பளத்துடன் வீடு என்ற விதியை உரிமையாளர் தாங்குவார். டிரிப் படியோடு ஒரு நிலையான மாதச் சம்பளமும் பேசலாம். காத்திருக்க வைத்தால் காசு போகும் என்று தெரிந்ததும் குடோன்கள் ஞாயிற்றுக்கிழமை இறக்குவதற்கும் ஆள் வைத்துக்கொள்ளும்.

ஒன்றியச் சட்டம் மாறும்வரை மாநிலம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. புதிய தொகுப்பின் கீழ் மாநில விதிகளில் சரக்கு லாரியின் காத்திருப்பை வேலை நேரம் என்று தெளிவாக எழுதலாம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குப் படிப்பு, திருமணம், இறப்பு உதவிகள் கிடைக்கின்றன. விடுப்பு நாட்களுக்கான ஒரு நிதியையும் அங்கே தொடங்கலாம். அதைவிடச் சுலபமான வழி அரசின் கையிலேயே இருக்கிறது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல், அரிசி மூட்டைகளும் டாஸ்மாக் பெட்டிகளும் ஒப்பந்த லாரிகளில்தான் போகின்றன. அறுவடைக் காலத்தில் டெல்டாவின் கொள்முதல் நிலையங்களிலும் கிடங்குகளிலும் லாரிகள் வரிசையில் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தனியாரிடம் கேட்பதற்கு முன் அரசே நிறுத்தக் கட்டணத்தையும் ஓட்டுநரின் பங்கையும் தன் ஒப்பந்தப் படிவத்தில் எழுதட்டும். அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டாம், அடுத்த டெண்டர் அறிவிப்பே போதும்.