கட்டங்கட்டமா வந்த மண் பரிசோதனை

சித்திரை உழவுக்கு முன்னாடி நானும் பக்கத்து தோட்டத்து அண்ணனும் பணம் கட்டி மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவை வெப்சைட்ல பாத்துக்கங்கன்னுட்டாங்க. போன்ல பாத்தா தமிழ் அருமையா இருக்கு. உரக்கடையில காட்டணுமேன்னு பிடிஎஃப் இறக்கி ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டா, எண்ணெல்லாம் சரி, தமிழ் இருக்க வேண்டிய இடம் பூரா வெறும் கட்டம்.

புகார் சொன்னோம். பத்து நாள் கழிச்சு சரி பண்ணிட்டோம்னாங்க. கட்டம் போச்சு, எழுத்து வந்துச்சு. ஆனா 'வேப்பம் புண்ணாக்கு'ல 'வே'யோட கொம்பு பக்கத்து 'ப'வுக்குப் போயிருச்சு. அண்ணன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர். 'தேவை இல்லை'ங்கறது 'தவே'ன்னு ஆரம்பிச்சா அவருக்கு என்ன புரியும்? கடைக்காரர் சொன்னதை வாங்கிப் போட்டுட்டார். அப்புறம் என் அக்கா மகன் வந்து படிச்சுச் சொன்னான், அவர் மண்ணுல சாம்பல்சத்து போதுமான அளவு இருக்கு, பொட்டாஷ் வேண்டாம்னு எழுதியிருக்காம். ரெண்டு மூட்டை பொட்டாஷ் காசு போனது போனதுதான்.

அவன் கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். விவரம் கேட்டேன். போன்லயே தமிழ் எழுத்துரு இருக்கறதால அங்க ஒழுங்கா தெரியுதாம். பிடிஎஃப் தயாராகறது எங்கயோ வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்ல. அதுல தமிழ் எழுத்துரு இல்லைன்னா கட்டம்தான். செஞ்சவங்க தங்க விண்டோஸ் மிஷின்ல சோதிச்சிருப்பாங்க, அதுல தமிழ் எழுத்துரு இருக்கும், சரியா வந்திருக்கும். எழுத்துரு ஃபைலையும் கூடவே ஏத்தி, பிடிஎஃப்குள்ளயே பதிச்சு அனுப்பணும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' காசில்லாமலே கிடைக்குது.

கொம்பு சங்கதி வேற. யூனிகோடுல 'வே'க்கு 'வ' முதல்ல, கொம்பு பின்னாடிதான் பதிவாகுது. காட்டும்போது கொம்பை முன்னாடி கொண்டுவர ஒரு புரோகிராம் வேணும். 'ஹார்ஃப்பஸ்'னு ஒண்ணு இருக்கு, அதுவும் இலவசம். அதைச் சேர்க்காம எழுத்துருவை மட்டும் ஏத்தினா இப்படித்தான் ஆகும்.

2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் விவசாயிக்குப் போற தாளை ஒரு தடவை பிரிண்ட் போட்டு வாசிச்சுப் பாக்க ஒருத்தருக்கும் தோணலையா? இங்கிலீஷ் தாள் சுத்தமா வருது, ஆபீஸ்ல இருக்கறவங்க அதைத்தான் பாக்கறாங்கன்னு நினைக்கிறேன். எங்களுக்கு வர்ற தாள் அவங்க மேஜைக்குப் போகவே இல்ல. நாங்க கட்டின பணத்துல தமிழுக்குன்னு தனியா ஏதும் குறைச்சாங்களா என்ன!

திங்கக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கிட்டு நேர்ல போறேன். கையில கொடுத்து, சத்தமா வாசிச்சுக் காட்டுங்கன்னு கேக்கணும். அண்ணனும் கூட வர்றேன்னிருக்கார்.