பச்சை மூக்கும் சாதா மூக்கும்

ஒரு சின்னப் பரீட்சை. பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம். டீ வருவதற்குள் பதில் சொல்லிவிடலாம்.

9.5 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எஃகுப் பலகை. அதை நிற்க வைத்து, 20 கஜம் தள்ளியிருந்து மூன்று ராணுவத் தோட்டாக்களைச் சுடுகிறார்கள். முதல் குண்டு 9.5 கிராம். மூன்றில் அதுதான் கனம். இரண்டாவது 4 கிராம். மூக்குப் பகுதியில் எஃகுத் துண்டு வைத்தது. அடையாளத்துக்கு நுனியில் பச்சை பெயின்ட். மூன்றாவது வெறும் மூன்றரை கிராம். உள்ளே ஈயம், மேலே செம்புச் சட்டை, அவ்வளவுதான். பலகையை அதிகம் கெடுக்கப்போவது எது?

எங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் ஒட்டுமொத்தமாகக் கனத்துக்கு ஓட்டுப் போட்டது. (அங்கே எல்லாருமே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார்கள்.) புதுசாகச் சேர்ந்த பசங்கள் பச்சை மூக்குக் கட்சி. ஈயத்துக்கு டெபாசிட் காலி. "நகத்தால கீறினாலே கோடு விழும் சார். அது போயி எஃகை என்ன பண்ணிடும்?" என்றார் டெஸ்பாட்ச் கிளார்க்.

ஆனால், ஜெயிப்பது ஈயம்தான்!

இந்த விவகாரம் அமெரிக்காவில் ரொம்பப் பிரசித்தம். அங்கே ராணுவத்துக்கென்று செய்த தோட்டாக்களில் மிஞ்சியது, கழித்தது, கூடுதலாகத் தயாரித்தது என்று பலதும் 'சர்ப்ளஸ்' என்ற பெயரில் கடைக்கு வரும். நம்மூரில் ரேஷன் கடை பாமாயில் மாதிரி, அங்கே துப்பாக்கிப் பிரியர்களுக்கு சர்ப்ளஸ். வாங்கிக்கொண்டு போய் எஃகுப் பலகையில் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. பட்டால் 'டிங்' என்று சத்தம் வரும். பேப்பர் டார்கெட் மாதிரி நடந்துபோய் ஓட்டையை எண்ண வேண்டியதில்லை.

இப்போது நம் மூன்று கதாநாயகர்களின் ஜாதகம். கனமான குண்டின் பெயர் எம்80. 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கானது. வேகம் வினாடிக்கு சுமார் 840 மீட்டர். பச்சை மூக்கின் பெயர் எம்855. பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி எஸ்.எஸ்.109 என்று உருவாக்கி, 1980-ல் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்ட குண்டின் அமெரிக்க வடிவம். வேகம் 940 மீட்டர். ஈயக் குண்டு எம்193. வியட்நாம் யுத்தத்தில் எம்16 துப்பாக்கியில் போன சரக்கு. 20 அங்குலக் குழாயிலிருந்து கிளம்பும்போது அதன் வேகம் சுமார் 990 மீட்டர்!

ரகசியம் அந்தக் கடைசி நம்பரில்தான் இருக்கிறது.

மொத்த சக்தி என்று பார்த்தால் எம்80, ஈயக் குண்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பலகைக்கு மொத்த சக்தி பெரிசில்லை. குண்டு பட்ட அந்தப் பட்டாணி அளவு இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்பதுதான் கணக்கு. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 840-க்கும் 990-க்கும் வித்தியாசம் 18 சதவிகிதம்தான். வர்க்கம் போட்டால் கிட்டத்தட்ட 40 சதவிகிதம்! 

கிணற்றில் படியில் நின்று குதித்தால் தண்ணீர் மெத்தென்று இருக்கும். மோட்டார் ரூம் மேலிருந்து வயிறு அடிபடக் குதித்தவனைக் கேளுங்கள், அது தண்ணீரா கருங்கல்லா என்று. வேகம் ஏறினால் மெத்தென்ற பொருளும் அடிக்கும். கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வேகம் போகும்போது ஈயம், எஃகு என்ற தராதரமெல்லாம் குறைந்துவிடுகிறது. பட்ட இடத்தில் எஃகே சேறு மாதிரி ஒதுங்குகிறது.

"அப்போ பச்சை மூக்கு தண்டமா?" என்று அவசரப்படாதீர்கள். மூன்றரை கிராம் குண்டு லேசு. காற்று அதைச் சீக்கிரம் சோர்வாக்கிவிடும். நேட்டோ வைத்த பரீட்சையே வேறு: சுமார் 600 மீட்டர் தூரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் சாதா இரும்புத் தகட்டைத் துளைக்க வேண்டும். எம்855 பாஸ். எம்193 அவ்வளவு தூரத்தில் ஃபெயில். கிட்டத்தில் வேகம் ஜெயிக்கிறது. தூரத்தில் எஃகு மூக்கு ஜெயிக்கிறது.

டார்கெட் பலகையும் சாதா இரும்பு இல்லை. ஏ.ஆர்.500 என்று ஒரு ரகம். சுரங்க லாரித் தொட்டியில் கல் உரசித் தேயாமலிருப்பதற்குப் போடும் வகை எஃகு அது. பிரினெல் என்ற கடினக் கணக்கில் சுமார் 500. சாதா இரும்பு 120 சொச்சம். சாதா இரும்பில் சுட்டால் இந்த மூன்றுமே குழி பறிக்கும் அல்லது ஓட்டை போடும்.

ஓட்டை விழுந்தால் பலகை காசு போச்சு, அவ்வளவுதானே என்றுதான் நானும் கேட்டேன். டெக்ஸாஸில் சித்தி பையன் ஒருத்தன் இருக்கிறான். வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போகிறவன்.

"ஓட்டை விழுந்தா கூட பரவால்ல அண்ணா. குழி விழுந்தாத்தான் டேஞ்சர்" என்றான்.

அவன் சொன்னதன் சாரம் இது. தட்டையான, கடினமான பலகையில் பட்ட குண்டு பொடிப்பொடியாக நொறுங்கும். பொடி பலகையை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். பலகையை லேசாக முன்பக்கம் சாய்த்து மாட்டினால் பெரும்பாலும் தரைக்குப் போய்விடும். ஆனால் ஏற்கெனவே ஒரு குழி இருந்து, அடுத்த குண்டு அந்தக் குழிக்குள் பட்டால்? கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? வந்த வழியே மூஞ்சியில் அடிக்கும். தண்ணீருக்குப் பதில் செம்பும் ஈயமும். சுட்டவன் கண்ணுக்கும், பக்கத்தில் வேடிக்கை பார்க்கிறவன் கழுத்துக்கும் ஆபத்து.

அதனால்தான் ரைஃபிள் என்றால் பலகை குறைந்தது 100 கஜம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த தூரத்துக்குள் குண்டின் வேகம் கொஞ்சம் இறங்கிவிடும். கண்ணாடி போடாமல் யாரும் அந்தப் பக்கமே வரக்கூடாது. குழி விழுந்த பலகைக்கு வி.ஆர்.எஸ்.!

பல ரேஞ்சுகளில் வாசலிலேயே காந்தத்தை வைத்துத் தோட்டாவைச் சோதிப்பார்கள். ஒட்டினால் "ஸாரி சார், உள்ளே விட முடியாது". இதிலும் ஒரு கூத்து. பழைய சோவியத் தோட்டாக்கள் பலதில் மேல்சட்டையிலேயே எஃகு உண்டு. உள்ளே சாது ஈயம் இருந்தாலும் காந்தம் ஒட்டும். அதே சமயம் பலகையைக் கிட்டத்தில் குடைகிற எம்193 மீது காந்தம் ஒட்டவே ஒட்டாது. சமர்த்தாக உள்ளே போய்விடும்!

நிஜமான வில்லன் வேறே. இரண்டாம் உலக யுத்தத்து கறுப்பு மூக்கு, எம்2 ஏ.பி. உள்ளே கெட்டிப்படுத்திய எஃகு ஊசி. இதுவும் பிற்பாடு சர்ப்ளஸாக வந்தது. இதற்கு ஏ.ஆர்.500 பலகையும் தாங்காது. பழைய டப்பாவில் மலிவாகக் கிடைத்ததே என்று மூக்கின் நிறம் பார்க்காமல் சுட்டவர்கள், ஒரே நாளில் பலகையைச் சல்லடையாக்கியிருக்கிறார்கள்.

சர்க்காரும் மூக்கைப் பார்த்தே கணக்குப் போட்டது. அங்கே 1986-ல் கவசம் துளைக்கும் தோட்டாக்களுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. குண்டின் உள்ளே என்ன உலோகம் என்பதுதான் அதில் அளவுகோல். பச்சை மூக்குக்கு அப்போது விலக்கு கொடுத்தார்கள். 2015 பிப்ரவரியில் அந்த விலக்கை எடுக்கலாமா என்று சம்பந்தப்பட்ட இலாகா யோசனை சொல்ல, ஜனங்களிடமிருந்து 80 ஆயிரத்துக்கு மேல் கருத்துகள் வந்து குவிந்தன. மார்ச்சில் யோசனை வாபஸ். அத்தனை அமளியிலும் பெயின்ட் அடிக்காத ஈயக் குண்டுக்கு ஒரு பிரச்னையும் இல்லை. உள்ளே ஈயம்தானே!

நம்மூரில் ராணுவத் துப்பாக்கியும் தோட்டாவும் சாமானியனுக்குக் கிடையாது. ஆனால் மச்சான், அத்திம்பேர் என்று அமெரிக்காவில் ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. லீவுக்குப் போகிற இடத்தில் "வாங்க மாப்ளே, ஒரு நாள் ரேஞ்சுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். மூக்கு பச்சையா கறுப்பா என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பலகை எத்தனை கஜத்தில் இருக்கிறது, முகத்தில் குழி இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், பேப்பர் டார்கெட்டே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

'டிங்' சத்தம் கேட்காது. பரவாயில்லை, பேப்பர் திருப்பி அடிக்காது.