திட்டமும் வேண்டும், திருத்தமும் வேண்டும்

மென்பொருள் படைக்கும் முறையைப் பற்றி நம் மாணவரிடையே இரு கட்சிகள் உண்டு. யாவற்றையும் முன்கூட்டியே எழுதி அதன்படி செய்க என்பது ஒன்று. சிறிது செய்து, காட்டி, திருத்தி, மேலே செல்க என்பது மற்றொன்று. 2001-இல் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கையால் 'அஜைல்' எனப் பெயர் பெற்றது இது. கடைக்கணக்கு எழுத எதுவாயினும் ஆகலாம். பிழை உயிரைக் குடிக்கும் இடத்தில் எது வேண்டும்? இரண்டும் வேண்டும் என்பேன் நான்.

திட்டத்தை எள்ளுவோர் தெராக்-25 என்னும் கதிர்மருத்துவப் பொறியின் வரலாற்றைப் படிக்கட்டும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள்மீது அது அளவுமீறிய கதிரைப் பாய்ச்சியது. முந்தைய தெராக்-20 பொறியில் தனியே இருந்த வன்பொருள் காவலை நீக்கி மென்பொருளையே நம்பினர். அம்மென்பொருளுக்கோ ஆவணமும் குறைவு, சோதனையும் குறைவு.

திட்டமே போதும் என்போர் 1996 ஜூன் 4-ஆம் நாளை எண்ணட்டும். அன்று ஏரியன்-5 ராக்கெட் புறப்பட்ட ஏறத்தாழ 40 நொடியில் சிதறியது. ஏரியன்-4-க்கு எழுதிய மென்பொருளை அப்படியே எடுத்தாண்டனர். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் மிகுதி; அதைச் சார்ந்த 64 பிட் எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. ஆய்வுக் கூட்டங்கள் பல நடந்தும், புதிய பாதையை வைத்து அக்கருவியை எவரும் சோதிக்கவில்லை.

அப்படியானால், எதை நிலைநிறுத்துவது, எதை நெகிழவிடுவது? மருந்தேற்றும் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்ச அளவை மீறலாகாது என்ற விதியும், அது காக்கப்படுகிறது என்பதற்கான சான்றும் எழுத்தில் நிற்க வேண்டும். அளவை எந்தப் பொத்தானால் பதிவது என்பதைச் செவிலியரிடம் காட்டிச் சுற்றுக்குச் சுற்று மாற்றலாம். ஆனால், அம்மாற்றத்தால் 1.0 என்பது 10 எனப் பதிய வழி பிறக்குமாயின், அது புதியதொரு தீங்கு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தீங்குப் பட்டியலைத் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

இத்தனை எழுதினால் வேகம் கெடாதா என்பர். இறுதியில் மொத்தமாக எழுதினால் கெடும். சுற்றுதோறும் சோதனையோடு சான்றையும் சேர்த்து வந்தால் கெடாது. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி விதிநூலும் இன்ன முறையில்தான் படைக்க வேண்டும் எனக் கட்டளையிடுவதில்லை, சான்றையே கேட்கிறது.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் எழுதும் வரிகள் மருத்துவமனையிலும் ரயில் சைகையிலும் இயங்கும். இவ்வாண்டு ஆய்வுத் திட்டத்திலேயே தீங்குப் பட்டியலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரந்தோறும் அதைத் திருத்துங்கள். கட்சி பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.