1600 பெரிதா, இரண்டரை பெரிதா?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பாடம் படிக்கும் எனது மாணவன் ஒருவன் சென்ற மாதம் வந்தான். வீட்டு சீலிங் பேன் மெதுவாகச் சுற்றுகிறதாம். "கொயில் போயிட்டு, திரும்பச் சுத்த வேணும்" என்று யாரோ சொல்ல, உம்மா சீட்டுக் காசை எடுக்கத் தயாராகிவிட்டார்.

"கெப்பாசிட்டரைப் பார்த்தீங்களா மகன்?" என்றேன்.

"பார்த்தேன் சேர். 2.5 என்று போட்டிருக்கு. மீட்டர் 1600 காட்டுது. நல்லாக் கூடத்தானே இருக்கு?"

மீட்டர் காட்டியது 1600 நனோபரட். கெப்பாசிட்டரில் அச்சிட்டிருந்தது 2.5 மைக்ரோபரட். ஒரு மைக்ரோ என்பது ஆயிரம் நனோ. அப்படியென்றால் அதில் மிஞ்சியிருந்தது 1.6 மைக்ரோபரட் மட்டும்தான். இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பேன் ஊர்ந்ததற்குக் காரணம் அதுதான். புதியது ஒன்று போட்டதும் பழையபடி சுற்றியது. சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது.

அவன் கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டில் மிளகுக் கொடி இருக்கிறது. "1600 கிராம் மிளகைத் தந்துவிட்டு இரண்டரைக் கிலோவுக்குக் காசு கேட்டால் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். அவனுக்கு விளங்கிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். மாத்தளைப் பிள்ளைகளுக்கு அலகு மாற்றத் தெரியாமல் இல்லை. மிளகைக் கையில் அள்ளி நிறுத்திருக்கிறார்கள், கெப்பாசிட்டரைத் தொட்டதில்லை. "புள்ளியை மூன்று இடம் தள்ளு" என்று கரும்பலகையில் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது பரீட்சையோடு மறந்துபோகிறது. குறை எங்களிடமும் இருக்கிறது.

பெயர்களும் குழப்புகின்றன. புத்தகத்தில் கொள்ளளவி, கடையில் கெப்பாசிட்டர், பழைய ரேடியோ பாஸ்மாருக்குக் கண்டென்சர். மூன்றும் ஒன்றுதான். நமது உக்குவளை நீர்மின் நிலையத்தின் வலுவை மெகாவாட்டில் சொல்கிறோம். அங்கே 'எம்' என்றால் பத்து இலட்சம் மடங்கு. பேன் கெப்பாசிட்டரில் 'எம்.எப்.டி.' என்று அச்சிட்டிருக்கும். இங்கே அதே 'எம்' மைக்ரோவைக் குறிக்கிறது, அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்?

ஏன் இவ்வளவு சிறிய பங்குகள்? பரட் என்ற அலகு அவ்வளவு பெரியது. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கேல் பரடேயின் பெயரை, 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு இந்த அலகுக்கு ஏற்றுக்கொண்டது. இந்தப் பூமி முழுவதையும் ஒரு தனிக் கோளக் கடத்தியாக எடுத்துக் கணக்கிட்டாலும் அதன் கொள்ளளவம் சுமார் 710 மைக்ரோபரட்தான். ஒரு பரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! இதைச் சொன்னால் வகுப்பில் தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

மனதில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு மைக்ரோ, ஆயிரம் நனோ. ஒரு நனோ, ஆயிரம் பிக்கோ. அலகு சிறுத்தால் எண் பெருக்கும். பொருள் கூடாது, குறையாது. சின்ன செரமிக் கெப்பாசிட்டரில் 104 என்று இருந்தால், 10இன் பின்னால் நான்கு பூச்சியம் போட்டு பிக்கோபரட்டில் வாசிக்க வேண்டும். 100,000 பிக்கோ, அதாவது 100 நனோ, அதாவது 0.1 மைக்ரோ.

"போனில் தட்டினால் விடை வருமே சேர்" என்பார்கள். அந்த மாணவனிடமும் போன் இருந்தது. ஆனால் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லையே! கேட்காத கேள்விக்கு போன் பதில் சொல்லாது.

ஒரு வேண்டுகோள். பேன், ரேடியோ திருத்தும் பாஸ்மாரே, பழுதான கெப்பாசிட்டர்களை வீசாதீர்கள். மின்னிறக்கம் செய்து, ஒரு கைப்பிடியளவை பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். ஆசிரியர்களே, ஒரேயொரு பாடவேளை அவற்றை மேசையில் கொட்டி, பிள்ளைகளையே வாசித்து அளக்க விடுங்கள். பிள்ளைகளே, மின்னைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் ஏற்றம் தங்கியிருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.

நாளை அந்தப் பிள்ளை தொழிலுக்குப் போய் இன்னொரு வீட்டு ஏணியில் நிற்பான். அங்கே அவன் 1600ஐப் பார்த்து "கூடத்தானே" என்று சொன்னால், காசு கொடுப்பது இன்னொரு உம்மா.